கணினிப் பழுதுநீக்குவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பல வருடமாகக் கடை நடத்திவரும் மூத்த உறுப்பினர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். "சிஸ்டம் ஓடலை" என்று யார் வந்தாலும் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யக் கற்க வேண்டும் என்பதுதான் அது. இந்த ஆண்டின் ஞாயிறு வகுப்புகள் எல்லாம் அதற்காகவே நடந்தன.

முதல் பாடம், பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை உள்ளே என்ன நடக்கிறது என்பது. முதலில் மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள் பாகங்களைச் சோதிக்கிறது. பிறகு விண்டோஸை ஏற்றும் பூட் மேனேஜர், விண்டோஸின் மையமான கெர்னல், பாகங்களை இயக்கும் டிரைவர்கள், கடைசியில் லாகின். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கம்பெனி லோகோவே வராத மெஷினுக்கு விண்டோஸை மறுபடி ஏற்றிப் பயனில்லை. ரேமைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். லாகினுக்குப் பிறகு திரை கருத்துப்போனால், அவசியமான டிரைவர்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஏற்றி, கடைசியாகப் போட்ட டிரைவரையோ மென்பொருளையோ சந்தேகப்பட வேண்டும்.

வகுப்பில் அதிகம் பேசப்பட்டது, கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த மெஷின். கரண்ட் போய் வந்ததிலிருந்து, விண்டோஸ் பிழை காட்டி நின்றுவிடும் ப்ளூ ஸ்கிரீன். வேறு ஒரு இடத்தில் "எல்லாம் போச்சு, ஃபார்மட்தான்" என்று சொல்லியிருந்தார்கள். நம் உறுப்பினர்கள், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் உள்ள பென்டிரைவில் பூட் செய்து, முதலில் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுத்தார்கள். பிறகு ஹார்ட்டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தார்கள். டிஸ்க் சாகும் நிலையில் இருந்தால், பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க் ஓட்டுவதே அதைக் கொன்றுவிடலாம். அதனால்தான் இந்த வரிசை. டிஸ்க் நன்றாகவே இருந்தது. அப்புறம் விண்டோஸைச் சீராக்கும் இரண்டு கட்டளைகள்: முதலில் டிஸ்ம், அதன் பின் எஸ்எஃப்சி. எஸ்எஃப்சி, கெட்டுப்போன சிஸ்டம் ஃபைலுக்குப் பதிலாக விண்டோஸ் உள்ளேயே வைத்திருக்கும் இருப்பிலிருந்து நல்ல பிரதியை எடுத்துப் போடுகிறது. அந்த இருப்பே கெட்டிருந்தால் என்ன செய்யும்? டிஸ்ம் முதலில் அதைச் சீராக்கித் தர வேண்டும். மெஷின் எழுந்தது, ஒரு பில்கூடத் தொலையவில்லை. இந்த ஆண்டில் எனக்கு மிகவும் நிறைவு தந்த வேலை இதுதான்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அந்த வாரங்களில் எல்லாக் கடையிலும் "இனி என்ன செய்வது?" என்ற ஒரே கேள்விதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசரும் வேண்டும். இல்லாதவர்களைப் புது மெஷின் வாங்கச் சொல்லி விரட்டக் கூடாது என்று செயற்குழு முடிவெடுத்தது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் பெறும் வழியைக் காட்டினோம். பிரவுசரும் கடிதமும் மட்டும் போதும் என்றவர்களுக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றினோம். திருட்டு விண்டோஸ் ஏற்றித் தருவதில்லை என்ற உறுதியை உறுப்பினர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். அதனால் சில வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனதும் உண்மை.

டிஸ்கில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் பிட்லாக்கரைத் தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. உரிமையாளருக்கு அது தெரிவதேயில்லை. மதர்போர்டை மாற்றினால் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் மெஷின்கள் முடங்கியபோது, சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழித்தால் போதும் என்று தெரிந்தும் இந்தச் சாவி கையில் இல்லாமல் தவித்தவர்கள் பலர். எனவே ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்பே சாவியைக் கேட்டு உறுதிசெய்வது இனி நம் சங்கத்தில் கட்டாயம்.

சிறு பாடங்களும் உண்டு. வங்கித் தளம் திறக்கவில்லை என்று வந்த மெஷினில் தேதி பல வருடம் பின்னால் இருந்தது; அதனால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்கவில்லை. மதர்போர்டின் கடிகாரத்தை ஓட்டும் சிஆர் 2032 பேட்டரியை மாற்றியதும் சரியானது. ஷட்டவுன் செய்து போட்டும் தீராத கோளாறு ரீஸ்டார்ட்டில் தீர்வதற்கு, ஷட்டவுனில் விண்டோஸை முழுதாக மூடாமல் சேமித்து வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் காரணம் என்று கற்றபோது மூத்தவர்களே வியந்தார்கள்.

வரும் ஆண்டில் பெண்களுக்கென மாலை வகுப்பு தொடங்க உத்தேசம். பயிற்சியில் துணிந்து கெடுத்துப் பார்க்கப் பழைய மெஷின்கள் தேவை. கடைகளில் கிடப்பதைத் தந்து உதவுங்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இடம் தந்த நூலகத்தாருக்கும், விடுமுறை நாளிலும் சலிக்காமல் பாடம் எடுத்த உறுப்பினர்களுக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்