ரோமர் 16 படிக்கத் துணை நின்றவர்களுக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

இந்த லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீடு வீடாகக் கூடி, பவுல் ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதிய ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைப் படித்து முடித்தோம். பலரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிற அதிகாரம் அது. "வெறும் பெயர்தானே, அதில் தியானிக்க என்ன இருக்கிறது?" என்று ஆரம்பத்தில் பலர் கேட்டார்கள். 4ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோமுக்கும் இதே ஆதங்கம் இருந்திருக்கிறது. நல்ல விசுவாசிகள்கூட இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்து போகிறார்களே என்று வருத்தப்பட்டிருக்கிறார். நாம் கடந்து போகாமல் உட்கார்ந்து படித்தோம். அதற்கு உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். யார் யார் என்று நம் சபைக்குத் தெரியும்.

முதலில், வீட்டைத் திறந்துவிட்ட குடும்பங்களுக்கு நன்றி. "என்னையும் சபையனைத்தையும் உபசரித்துவருகிற காயு" என்று பவுல் எழுதுகிறார். சபையனைத்தையும் உபசரிப்பது என்றால் அடுப்படியில் எவ்வளவு வேலை! கட்டிலைத் தூக்கி முற்றத்தில் போட்டுவிட்டுப் பாய் விரித்தீர்கள். கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பியும் அவித்த பயறும் ஒரு நாளும் குறைவுபடவில்லை.

13ஆம் வசனத்தை நடத்திய மாலையை மறக்க முடியாது. ரூப் என்பவனை வாழ்த்தும்போது, அவனுடைய தாயை "எனக்கும் தாய்" என்கிறார் பவுல். அந்த அம்மாவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவர் பவுலுக்கு என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையில் இருந்த பாட்டி, "என்ன செஞ்சிருப்பா? அலைஞ்சு களைச்சு வந்த பிள்ளைக்குச் சுடுசோறு போட்டிருப்பா. அழுக்குத் துணியை வாங்கித் துவைச்சுப் போட்டிருப்பா" என்றார். நான் தயாரித்து வைத்திருந்த குறிப்பை மூடிவிட்டேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பாட்டிக்குத் தனியாக ஒரு நன்றி.

இந்த அதிகாரத்தில் 10 பெண்களைப் பவுல் நினைவுகூருகிறார். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய 4 பேரையும் அவர்கள் பட்ட பிரயாசத்துக்காகவே குறிப்பிடுகிறார். நம் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரே, கண்ணாடி போட்டும் வாசிக்கச் சிரமப்படுகிற பெரியவர்களுக்காக வசனங்களைச் சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தீர்களே, அதுவும் அந்த வகைப் பிரயாசம்தான்.

கெங்கிரேயா கொரிந்துவுக்குப் பக்கத்துத் துறைமுகம். அங்கிருந்து ரோமாபுரிவரை இந்த நிருபத்தைச் சுமந்து போனவர் அந்த ஊர்ச் சபையின் ஊழியக்காரியான பெபேயாள் என்பதே வேத அறிஞர்கள் பலருடைய கருத்து. நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் அழைத்து வந்து, கூட்டம் முடியும்வரை வாசலிலேயே காத்திருந்த தம்பியை அன்று நினைத்துக்கொண்டேன். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்க மறுத்துவிட்டார். நாற்காலி தந்த, எங்கள் பாட்டுச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி.

அப்புறம், ஒவ்வொரு வார தியானத்தையும் எழுதி, படுக்கையில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்லூரித் தங்கைக்கு. பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு, 22ஆம் வசனத்தில் தன் பெயரிலேயே ஒரு வாழ்த்தைச் சேர்த்துக்கொள்கிறார். அம்மா, நீ அனுப்பியதில் உன் வாழ்த்து ஒரு வாரமும் இல்லை. அடுத்த முறை கட்டாயம் சேர்க்க வேண்டும்.

ஜெபித்து அனுப்பிய குருவானவருக்கும், எல்லாக் கூட்டத்துக்கும் வந்த உபதேசியாருக்கும் என் நன்றி.

ஈஸ்டருக்குப் பிறகு பிலேமோன் படிப்போம். ஒரே அதிகாரம், 25 வசனங்கள்தான். அதுவும் ஒரு வீட்டில் கூடிவந்த சபைக்கு எழுதப்பட்ட நிருபம். வீடு தர விரும்புகிறவர்கள் உபதேசியாரிடம் சொல்லிவிடுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
வேதபாட வகுப்புப் பொறுப்பாளர்