விக்டோரியா பூங்காவின் சருகை விட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா விக்டோரியா பூங்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் வலசைப் பறவைகளில் பல மார்ச் இறுதிக்குள் வடக்கே திரும்பிவிடும். ஏப்ரல் வசந்தகாலச் சுற்றுலாக் கூட்டத்தோடு வந்து தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். பெப்ரவரியிலோ மார்ச் முதற்பாதியிலோ, காலையிலேயே வருவது நல்லது.

ஓடையோர நிழலில் 15 நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். நடந்துகொண்டே தேடினால் கறுப்பு வெள்ளைப் பூங்குருவி புதருக்குள் ஒளிந்துகொள்ளும். ஆறுமணிக்குருவியைக் கண்ணுக்கு முன் காதுதான் பிடிக்கும். காஷ்மீர் ஈப்பிடிப்பானின் ஆணுக்குச் செம்மஞ்சள் தொண்டை, அதைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு. பெண்ணை அடையாளம் காண்பது சிரமம். இருண்ட நிழலுக்கு 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட) தொலைநோக்கி பொருந்தும். சிறிய 8×21 போதிய ஒளி தராது.

கைத்தொலைபேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைக்கவே கூடாது. நீண்ட பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய நாட்களில் அது பறவைகளை இரைதேடலை விட்டு அலைய வைக்கும்.

பூங்குருவியும் ஆறுமணிக்குருவியும் புழுப்பூச்சி தேடுவது சருகைக் கிளறித்தான். பாதைகளைப் பெருக்கட்டும், அழகுதான். மரத்தடியிலும் ஓடைக்கரையிலும் கிடக்கும் சருகை மட்டும், மீதிப் பறவைகளுக்காக, ஏப்ரல் முடியும்வரை அள்ளாமல் விடுமாறு பூங்கா நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

– பறவை ஆர்வலர்கள், நுவரெலியா