உன் பேர் வெட்டிய தூக்கு

அன்புள்ள வள்ளி,

நலம்தானே? இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சின்னவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், மற்றதைப் போனில் பேசிக்கொள்ளலாம். அப்பச்சி காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிய பிறகு உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை, கூப்பிடவும் இல்லை. எட்டு மாதம் ஓடிவிட்டது. அது என் தப்புதான். இன்றைக்குக் காலையில் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பட்டது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பத்தாவின் பித்தளைத் தூக்கு என்னிடம் இருக்கிறது. விடுதிக்குச் சனிக்கிழமை தவறாமல் டவுன் பஸ் கண்டக்டர் கையில் வந்து சேருமே, கந்தரப்பமும் கவுணி அரிசியுமாக, அதே தூக்குதான். காரைக்குடியில் பழைய சாமான் கடையில் காசு கொடுத்து வாங்கினேன்.

சாந்தி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நீ வரவில்லை என்று ஆளாளுக்கு என்னிடம்தான் கேட்டார்கள், நான்தான் உன்னை ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது மாதிரி. சாப்பாடு பிரமாதம், நம் வார்டன் வந்திருந்தார், இன்னும் அதே மாதிரிதான் முறைக்கிறார். உங்கள் ஊர் வீட்டில் பின்கட்டைப் பிரித்து விற்றுவிட்டார்கள் என்று பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏண்டி, இதை என்னிடம் சொல்லக்கூடாதா? அந்த வளவில் நான் எத்தனை தீபாவளி படுத்துத் தூங்கியிருக்கிறேன்! பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு நீ ஒருத்தி என்ன செய்ய முடியும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லியிருக்கலாம்.

பெரியவளுக்கு ஒரு கல்சட்டி வாங்கலாம் என்றுதான் மதியத்துக்கு மேல் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். நாம் படிக்கிறபோது அங்கே இருந்த கடைகளுக்கும் இப்போது இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. தெரு முழுக்கப் பழைய சாமான் கடைதான். ஒரு கடைக்குள் நுழைந்தேன், முன்னால் பார்த்தால் பெட்டிக்கடை அகலம், உள்ளே போகப் போகப் பழைய அரிசி மில் மாதிரி நீண்டுகொண்டே போகிறது. ஏழெட்டு வியாபாரிகளின் சரக்கு ஒரே கூரைக்குக் கீழே. யாருடையது எது என்று தெரிவதற்கு ஒவ்வொன்றிலும் கலர் ஸ்டிக்கர், பச்சை ஒருத்தர், மஞ்சள் ஒருத்தர், நீலம் ஒருத்தர். கல்லாவில் ஒரே ஒரு பையன், விலை பேசுவதற்கு அந்தந்த ஆளுக்குப் போன் போட்டுக் கொடுக்கிறான்.

உள்ளே மூன்று மணி நேரம் இருந்தேன். இவர் காரிலேயே தூங்கிவிட்டார். என்ன இல்லை என்கிறாய்? பர்மா தேக்குத் தூண்கள் படுக்கை வசத்தில் அடுக்கியிருக்கிறது, கன அடிக் கணக்கில் விலை. நிலையும் கதவுமாகச் சுவரில் சாய்த்து வைத்தது மட்டும் முப்பதாவது இருக்கும், கஜலட்சுமி செதுக்கியது, கிளி செதுக்கியது. பெல்ஜியம் கண்ணாடிகள், ரசம் போய்ப் புள்ளி விழுந்தவை. பல்லாங்குழி, மரப்பாச்சி, முறுக்கு உரல், ஊறுகாய் ஜாடி. ஒரு மூலை முழுக்க எனாமல் சாமான், வெள்ளையில் நீல விளிம்பு, பச்சையில் கறுப்பு விளிம்பு, கோபுரமாக ஏழு தட்டு வைத்த தூக்குப் பாத்திரங்கள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். சிலதில் சுவீடன் முத்திரை, சிலதில் ஜப்பான், ஒரு வட்டிலில் செக்கோஸ்லோவாக்கியா. அந்தப் பெயரில் ஒரு தேசம் 1918-ல் உண்டாகி 1992-ஓடு முடிந்துபோனது, அதன் பேர் காரைக்குடியில் ஒரு சோற்று வட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. விளிம்பு பெயர்ந்த இடத்தில் கறுப்பாக இரும்பு தெரிந்தது. உங்கள் அப்பத்தா அதைத்தான் "சில்லுப் போச்சு, இனி விருந்தாளிக்கு வைக்காதே" என்பார்கள், ஞாபகம் இருக்கிறதா?

ரவி வர்மா படம் ஒரு சுவர் நிறைய. லட்சுமிக்கு ஜரிகைச் சேலை தைத்து, சமிக்கி ஒட்டி, உங்கள் முகப்பில் இருந்த மாதிரியே ஒன்று. இருபத்தைந்து வருஷம் அச்சகத்தில் இருந்தவள் என்பதால் கண் அங்கேதான் போகும். பையிலிருந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன். கல்லச்சுப் படத்தில் நிறம் மணல் தூவின மாதிரி ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும், ஆப்செட்டில் புள்ளிகள் பூப்பூவாக, அளவெடுத்த மாதிரி ஒரே வரிசையில் நிற்கும். பத்தில் ஆறு படம் ஆப்செட். சட்டம் மட்டும் பழசு, உள்ளே காகிதம் நேற்றையது. ரவி வர்மா 1894-ல் தன் படங்களை அச்சடிக்க ஒரு கல்லச்சகத்தை பம்பாயில் ஆரம்பித்து, பிறகு லோனாவ்லா பக்கம் மலவ்லிக்குக் கொண்டுபோய், கடைசியில் ஜெர்மன்காரர் ஒருவரிடம் விற்றுவிட்டார், 1972-ல் தீப்பிடித்து எல்லாம் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த மாதிரி வீட்டுச் சுவர்களில் தொங்கியதுதான். அந்தச் சமிக்கி லட்சுமி மட்டும் சத்தியமாக நிஜம். சேலை மடிப்பில் யாரோ ஒரு ஆச்சி பச்சை நூல் தீர்ந்துபோய் நீல நூலில் தைத்து முடித்திருந்தார்கள்.

இனிமேல்தான் உன்னிடம் சொல்ல வந்தது.

பித்தளைப் பகுதியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார், பெங்களூரில் புது வீடு கட்டுகிறாராம், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கையில் ஒரு தூக்கு. பையனிடம் கேட்கிறார், "இந்த எழுத்தெல்லாம் பாலிஷ் போட்டால் போய்விடுமா? வேறு யாரோ பேர் இருந்தால் நன்றாக இருக்காது." பையன் "மெஷினில் கொடுத்தால் மழுமழுவென்று ஆகிவிடும் மேடம்" என்றான். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. உங்கள் வீட்டு விலாசம், அந்த நாலு இனிஷியல், அப்புறம் வள்ளியம்மை. உன் பேர், வள்ளி. அப்பத்தா பேரை உனக்கு வைத்தார்கள் என்பது எத்தனையோ தடவை கேட்டதுதான், ஆனால் அந்த வெளிச்சத்தில் அதைப் படித்தபோது எனக்கு உன்னையே யாரோ விலைக்கு வைத்திருக்கிற மாதிரி இருந்தது. பக்கவாட்டில் நெளிசலைத் தடவிப் பார்த்தேன். விடுதிப் படியில் என் கையிலிருந்து உருண்டு மூன்றாம் படியில் நின்றதே, அந்த நெளிசல். பால்பணியாரம் படி முழுக்க ஓடியது, நீ அழுதாய், நான் ஒரு வாரம் உன் துணியெல்லாம் துவைத்துப் போட்டேன்.

அந்தப் பெண்ணிடம் நேரே சொன்னேன், "அம்மா, இது என் சிநேகிதி வீட்டுச் சாமான், எனக்குக் கொடுத்துவிடுங்கள்." ஒரு நொடி என்னைப் பார்த்தார், பேசாமல் கையில் கொடுத்துவிட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும். மஞ்சள் ஸ்டிக்கர்காரர் போனில் 3,500 என்றார், பேசிப் பேசி 2,600-க்கு வந்தார். நிச்சயம் எடைக்குத்தான் எடுத்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வாங்கி விற்பது அவர் தொழில், அவர் எடுக்காவிட்டால் நேரே உலைக்குப் போயிருக்கும்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் வாங்கத் தோன்றவில்லை, ஆனால் வெளியே வரவும் முடியவில்லை. திரும்ப முதலிலிருந்து நடந்தேன். இந்தத் தடவை பேர் மட்டும்தான் கண்ணில் பட்டது. சருவத்தில், கும்பாவில், குத்துவிளக்கின் அடியில், எங்கே பார்த்தாலும் யாராவது ஒரு சிகப்பி, ஒரு உமையாள், ஒரு மீனாட்சி. மகளுக்குச் சீர் கொடுக்கும்போது கரண்டி வரைக்கும் பேர் வெட்டிக் கொடுத்தார்களே, எதற்கு? இது அவளுடையது, புகுந்த வீட்டில் நூறு பேர் புழங்கினாலும் இது அவளுடையது என்பதற்குத்தானே. சொத்து ஆண்பிள்ளைகளுக்கு, ரெட்டை வீடு என்கிற அந்த இரட்டை அறையின் சாவி ஆண்பிள்ளை பேரில். அந்தப் பெண்களின் பேர் எழுதப்பட்ட இடம் அனேகமாக இந்தப் பாத்திரம் ஒன்றுதான். அதைத்தான் மெஷினில் கொடுத்து மழுமழுவென்று ஆக்குகிறோம்.

போட்டோக்கள் அதைவிட மோசம். தாத்தாவும் ஆச்சியுமாக உட்கார்ந்து எடுத்த படங்கள் சட்டத்தோடு அடுக்கியிருக்கிறது, மேலே நீல ஸ்டிக்கர். ஹோட்டல்காரர்கள் அலங்காரத்துக்கு மொத்தமாக வாங்கிப் போகிறார்களாம். கழுத்திரு என்கிற அந்தப் பெரிய தாலியோடு நிற்கிற ஒரு கல்யாணப் பெண், பதினாறு வயதுகூட இருக்காது, முகத்தில் அப்படி ஒரு பயம். பின்னால் திருப்பிப் பார்த்தேன், ரங்கூன் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறது, அவள் பேர் இல்லை. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது வயலும் கிட்டங்கியும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள், இந்தப் படத்தை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பாடு பட்டுக் கொண்டுவந்த முகம் இப்போது யாரென்று தெரியாமல் ஏதோ ஒரு சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கப்போகிறது.

கடைசியாக வாசல் பக்கம் ஒரு சாக்கு. பேரேடு, கடிதக் கட்டு, கல்யாணப் பத்திரிகை. கடித உறைகளில் ஸ்டாம்பு மட்டும் கிழித்து எடுத்துவிட்டு மிச்சத்தை எடைக்கு வைத்திருக்கிறான். வள்ளி, அதுதான் என் நெஞ்சை அடைத்தது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருத்தர், உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்தான், போர்டு எழுதுகிற ஓவியர், ஆயுள் முழுக்க இந்த மாதிரிக் காகிதம்தான் சேர்த்தார், புத்தகம் மட்டுமில்லை, நோட்டீசு, அழைப்பிதழ், எல்லாம். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் வாங்கி, தமிழ்நாட்டைவிட்டு எடுத்துப்போகாமல், சென்னையிலேயே 1994-ல் நூலகம் ஆக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது, நானே போயிருக்கிறேன். ஒரு போர்டு எழுதுகிறவர் தனியாளாக அதைச் செய்தார்.

உங்கள் வீட்டில் ஆல்வீட்டு அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது என்று அதே பக்கத்து இலைக்காரர் சொன்னார். சித்தப்பா மகன் மலேசியாவிலிருந்து வந்தால்தான் திறப்பார்களாம். அப்படியென்றால் பெட்டகம் இரண்டும் உள்ளே இருக்க வேண்டும். அதில்தானே அப்பத்தாவின் இசைகுடிமானம், அந்தக் கல்யாண ஒப்பந்தம், இருக்கிறது, நமக்கு ஒருநாள் வாசித்துக் காட்டினார்களே, சீர்க்கணக்கு வரிசையாக எழுதியிருக்கும். ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதக் கட்டும் அங்கேதான். தேக்கு போகட்டும், கண்ணாடி போகட்டும், பங்காளிகளிடம் அதற்காகச் சண்டை போடச் சொல்லவில்லை. காகிதத்துக்கும் போட்டோவுக்கும் யாரும் பங்கு கேட்க மாட்டார்கள், நீ கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். திறக்கிற அன்று நீ அங்கே இரு. நான் ஸ்கேனரோடு வருகிறேன், இரண்டு நாள் போதும், ஒவ்வொரு போட்டோவாகத் திருப்பி, உனக்குத் தெரிந்த பேரைப் பென்சிலில் பின்னால் எழுது. உனக்குத் தெரியாததை உன் பெரிய அத்தையிடம் கேட்டு எழுது. அவர்களுக்கு 87 ஆகிறது. சும்மா இருக்கிற நாளில் போகலாம் என்று தள்ளிப்போடாதே, உன் குணம் எனக்குத் தெரியும், ரெக்கார்டு நோட்டைப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி எழுதியவள் நீ.

இன்னொன்று. பச்சை ஸ்டிக்கரில் ஒரு நிலைக்கதவு இருக்கிறது, மேலே இரட்டைக் கிளி, ஒரு கிளிக்கு மூக்கு உடைந்திருக்கிறது. உங்கள் ரெட்டை வீட்டுக் கதவு என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல். ஆடி முடிகிற வரைக்கும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்கு வாங்கி, 2,000 முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். வேண்டாம் என்றால் பணம் திரும்பி வராது, பரவாயில்லை, அதைப் பற்றி நீ பேசவே கூடாது.

கல்சட்டி வாங்க மறந்தே போய்விட்டேன்.

தூக்கைப் புளி போட்டுத் துலக்கவில்லை, வெறும் தண்ணீரில் கழுவி சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன், எழுத்து வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி. நீ வருகிறபோது எடுத்துக்கொண்டு போ. மூடி மட்டும் கிடைக்கவில்லை, கடையில் எல்லாருடைய சரக்கையும் கிளறிவிட்டேன், பொருந்தவில்லை. கோயம்புத்தூரில் உன் வீட்டில் அரிசி டின்னை ஒரு பழைய பித்தளை மூடி போட்டு மூடி வைத்திருந்தாயே, நடுவில் குமிழ் வைத்தது, அதன் உள்பக்கம் பேர் ஏதாவது வெட்டியிருக்கிறதா என்று போய்ப் பார். பார்த்துவிட்டு உடனே கூப்பிடு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

உன்,
கலா