ஓட்டிச இளையோருக்காக ஊரோடு நிற்கும் ஆய்வாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் கிழக்கில் வசிக்கும் எனக்கு ஓட்டிசம் (autism) உள்ள 19 வயது மகன் இருக்கிறான். அவன் சிறுவனாக இருந்த காலத்தில் ஆய்வுக்கென்று எங்கள் வீட்டுக்கு மூவர் வந்தார்கள். வளர்ந்த பின்னர் எவரும் வரவில்லை. ஓட்டிசம் என்றதும் நாம் சின்னப் பிள்ளைகளை மட்டுமே நினைக்கிறோம். அந்தப் பிள்ளைகள் மீசை முளைத்து, விசேட கல்வி அலகை விட்டு விலகி, நாள் முழுவதும் வீட்டு விறாந்தையில் இருப்பது எவருடைய பதிவிலும் இல்லை.

வந்த மூவரில் ஒருவர் வாசித்த வினாக்கொத்தில், பிள்ளை பொம்மையைப் பராமரிப்பது போல விளையாடுவானா என்றொரு கேள்வி இருந்தது. எங்கள் வீட்டில் பொம்மையே இருந்ததில்லை. "இல்லை" என்றேன், அவர் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சிரட்டையில் மண்சோறு ஆக்கி விளையாடுவானா என்று கேட்டிருந்தால், என்னால் சரியான விடை சொல்லியிருக்க முடியும்.

இதனாலேயே கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த ஹேமமாலி பெரேராவின் பணியை நான் மிகவும் மதிக்கிறேன். 2009இல் வெளிவந்த அவரது குழுவின் ஆய்வு, அரைநகர்ப்புறச் சமூகமொன்றில் 18 முதல் 24 மாத வயதுடைய பிள்ளைகளுள் 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருப்பதைக் கண்டதோடு, பிற நாடுகளில் பரவலாகப் பாவிக்கப்படும் வினாக்கொத்து அப்பிள்ளைகளுள் பெரும்பாலோரைத் தவறவிட்டதையும் காட்டியது. அத்துடன் நின்றுவிடாமல், தாய்மார் பார்த்து விடை சொல்லக்கூடிய படங்களைக் கொண்ட கருவியொன்றை அவர்கள் உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். ஒரே கேள்வியை இத்தனை ஆண்டுகள் பின்தொடர வேண்டுமானால், ஆய்வாளருக்கு நிலையான பதவியும் சம்பளமும் இருக்க வேண்டும். ஆறு மாதத் திட்ட நிதியில் வருபவர், நிதி முடிந்ததும் போய்விடுவார். அது அவருடைய குற்றமன்று.

வடக்கின் கிராமங்களில் வாழும் ஓட்டிச இளையோருக்காக அத்தகைய பதவியொன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் சேர்ந்து உருவாக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பிள்ளை பிறந்த நாள் முதல் வீட்டை அறிந்த குடும்பநல உத்தியோகத்தரோடும், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரோடும் சேர்ந்து அவர் ஆண்டுக்கணக்கில் இங்கு வேலை செய்ய வேண்டும். ஊனமுற்ற ஒருவருக்கு வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டலாகாது என 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. எந்த வேலை, எந்த இடத்தில், யாருடைய துணையோடு என்பதை ஊரில் இருந்து பார்ப்பவரால்தான் சொல்ல முடியும்.

என் மகன் பக்கத்துத் தோட்டத்தில் சின்ன வெங்காயத்தைத் தரம் பிரிக்கிறான். பெரியது, நடுத்தரம், சிறியது என்று அவன் பிரித்த குவியலில் ஒன்றுகூட மாறிக் கிடக்காது. ஆனால் இறைப்பு இயந்திரத்தின் சத்தம் கேட்டால் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிடுவான். தோட்டக்கார அம்மா, எவரும் சொல்லிக்கொடுக்காமலே, அவன் வேலை முடித்துப் போன பின்புதான் இப்போது இயந்திரத்தை இயக்குகிறார். இந்தச் சிறு மாற்றத்தை யாராவது கண்டு எழுதி வைத்தால், வேறோர் ஊரில் இன்னொரு பிள்ளைக்கும் வேலை கிடைக்கலாம்.

அந்த ஆய்வாளர் எங்கள் பக்கம் வருவாரானால், காலை 9 மணிக்கு முன்னர் வரட்டும். அவன் தோட்டத்தில் இருப்பான்.

இங்ஙனம்,
ஒரு தாய்,
வலிகாமம் கிழக்கு.