நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் ஆட்டம் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இப்போதைய பெஸ்தாரி ஜெயாவில், குடும்ப தினம் என்றால் இளைஞர்களுக்குக் கால்பந்து, பிள்ளைகளுக்கு ஓட்டம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எலுமிச்சைக் கரண்டி ஓட்டம், அப்புறம் அதிர்ஷ்டக் குலுக்கு. ஏற்பாட்டாளர்களைக் கேட்டால், "பெரியவங்க விழுந்து அடிபட்டா யார் பொறுப்பு?" என்கிறார்கள். சரி, அவர்கள் கவலை நியாயம்தான். ஆனால் விழாமல் ஆடக்கூடிய ஆட்டம் ஒன்று இருக்கிறதே! புல்திடலில் பந்தை உருட்டி ஆடும் லான் பௌல்ஸ்தான் அது.

ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தபின் ஒரு கிளப்பில் லான் பௌல்ஸ் திடலைப் பராமரிக்கும் வேலை பார்த்தேன். அங்குதான் ராபர்ட் வீல் என்ற ஆட்டக்காரரின் பெயர் காதில் விழுந்தது. வேல்ஸ் நாட்டில், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பிரெஸ்டீன் என்ற சிற்றூர்க்காரர். 1986-இல் எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் நால்வர் அணியோடு தங்கம் வாங்கினார். 1998-இல் நம் கோலாலம்பூரில் சுக்கோம், அதாவது காமன்வெல்த் போட்டி, நடந்தபோது, ஒற்றையர் இறுதியில் ஜிம்பாப்வேயின் ராய் கார்டனிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார். அப்போது அவருக்கு வயது 35. நம் ஊராக இருந்தால் "போதும்பா, பிள்ளைகளைப் பார்" என்று சொல்லியிருப்போம். அவர் விடவில்லை. 2000-இல் உள்ளரங்க உலக ஒற்றையர் பட்டம் வென்றார். 2010-இல் டில்லி காமன்வெல்த் போட்டியில் ஆஸ்திரேலியாவின் லீஃப் செல்பியை வென்று ஒற்றையர் தங்கத்தை வாங்கியபோது வயது 47!

அது எப்படி முடிகிறது? இந்தப் பந்து முழு உருண்டை கிடையாது. சின்ன வளையம் போட்ட பக்கமாக வளைந்து ஓடும். வேகம் குறையக் குறைய வளைவு கூடும். தூரத்தில் கிடக்கும் ஜேக் என்ற சின்னப் பந்துக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். காலைப் பனியில் புல் ஈரமாக இருக்கும்போது பந்து முன்னாலேயே நின்றுவிடும். வெயில் ஏறிப் புல் காய்ந்ததும், அதே தள்ளுக்கு ஜேக்கைத் தாண்டி ஓடிவிடும். இதைக் கணிக்க ஓட்ட வேகம் வேண்டாம், கையும் கண்ணும் பழகியிருந்தால் போதும். உளி மரத்தில் படாமல் பட்டையை மட்டும் சீவி ரப்பர் பால் எடுத்த எங்கள் அம்மாக்களுக்கு இந்தக் கை நிதானம் புதிதா? நம் நாட்டு சித்தி சலினா அகமதுவும் 2002, 2006 காமன்வெல்த் போட்டிகளில் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்றவர்தான். எங்கள் ஊரில் எத்தனை பெண்களுக்கு அது தெரியும்?

அதனால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். கால்பந்துக்கும் பூப்பந்துக்கும் கொடுக்கும் இடத்தில் ஒரு மூலையை லான் பௌல்ஸ் செய்திக்கும் ஒதுக்குங்கள். வெற்றி தோல்வியோடு ஆட்டக்காரரின் வயதையும் போடுங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒன்று: மண்டபத்துக்குள் நீள விரிப்புப் போட்டு ஆடும் முறையும் உண்டு. புல்திடல் இல்லையே என்று தயங்க வேண்டாம். அடுத்த குடும்ப தினத்துக்கு ஒரு விரிப்பும் சில பந்துகளும் வாடகைக்கு எடுத்தால், சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திடல் பராமரிப்பாளர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்