சண்டியைப் பற்றிக் கேட்கக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பீடோங்கில் எங்கள் வீட்டிலிருந்து மெர்போக் அருங்காட்சியகத்துக்கு மோட்டாரில் அரை மணி நேரம்கூட ஆகாது. போன மாதம் மகளைக் கூட்டிப் போனேன். படிவம் நான்கு படிக்கிறாள். புக்கிட் பத்து பகாட் சண்டியின், அதாவது பழங்காலக் கோயிலின், கல் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தவள், "இதை யாருப்பா கட்டினாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, பள்ளியில் கேள் என்றேன். கேட்டிருக்கிறாள். அது சென்சிட்டிவ் விஷயம், பரீட்சைக்கு வராது, விடு என்று பதில் வந்ததாம்.

ஆசிரியரைக் குறை சொல்ல மனமில்லை. சண்டி என்றாலே இங்கே அரசியல்வாதிகள் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறார்கள். எல்லாம் சோழன் கட்டியது என்று ஒரு தரப்பு, இந்தியருக்கு இதில் பங்கே இல்லை என்று மறுதரப்பு. இந்தச் சண்டைக்கு நடுவில், 2013-இல் பதினோராம் எண் சண்டியை ஒரு மேம்பாட்டாளரின் இயந்திரம் தரைமட்டமாக்கிவிட்டது!

கடாரத்து (இன்றைய கெடா) அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததை லெய்டன் செப்பேடு என்ற சோழர் காலச் சாசனம் சொல்கிறது. அப்புறம் 1025 வாக்கில் அவர் மகன் ராஜேந்திரனே கடாரத்தின் மீது படையெடுத்தார். உறவும் இருந்தது, அடிதடியும் இருந்தது. இங்கே பக்கத்தில் உள்ள சுங்கை பத்துவில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்திருக்கின்றன. இதில் எதைச் சொல்ல ஓர் ஆசிரியர் பயப்பட வேண்டும்?

பாடநூலில் இல்லாத கேள்விக்குச் சான்றோடு பதில் சொல்லும் ஆசிரியர்மீது புகார் வந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று கல்வி அமைச்சு ஒரு சுற்றறிக்கை விடட்டும். மகள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஒரு தகப்பன்,
பீடோங், கெடா