சனசமூக நிலையத்தில் ஒரு விதை அலுமாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வருடம் பைக்கற் விதையில் வந்த கத்தரி நன்றாகவே காய்த்தது. அதிலிருந்து எடுத்த விதையை இம்முறை நட்டேன். ஒரு கன்றில் நீளக்காய், பக்கத்துக் கன்றில் உருண்டை, இன்னொன்றில் பூவே இல்லை. கடைக்காரரைக் குறைசொல்ல முடியாது. இரு வகைகளைக் கலந்து எடுத்த கலப்பின விதையின் இயல்பு அது.

என் தாயார் பயிற்றை, பாகல், வெண்டி விதைகளை அடுப்புச் சாம்பலில் புரட்டிப் போத்தலில் அடைத்து வைப்பார். 1995 ஐப்பசியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது, நகைப்பெட்டியோடு அந்தப் பயிற்றை விதைப் போத்தலும் சாவகச்சேரி வரை வந்தது. (ஐயா அதற்காக அம்மாவை ஏசியதும் நினைவிருக்கிறது.) திரும்பி வந்து முதலில் விதைத்தது அதைத்தான்.

பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் அரசின் தாவர மரபணு வள நிலையம் விதைகளைக் குளிரில் பாதுகாக்கிறது. நல்லது. ஆனால் குளிரறையில் உறங்கும் விதைக்கு எங்கள் செம்மண்ணும் வெயிலும் பழகாது. ஆகவே ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும், பத்திரிகை மேசைக்கு அருகே, ஒரு விதை அலுமாரி வைக்கலாம். ஒரு பிடி எடுத்தவர் அறுவடைக்குப் பின் இரு பிடி திருப்பித் தரட்டும். போத்தலில் பயிரின் பெயர், ஊர், எடுத்த மாதம் எழுதியிருக்க வேண்டும். பயிற்றை அவ்வளவாகக் கலக்காது; பூசணியும் புடோலும் அயல் மகரந்தத்தில் எளிதில் கலந்துவிடும். அவற்றுக்குப் பூ விரியுமுன்பே மொட்டைக் கட்டிவைத்து, பிறகு கையால் மகரந்தம் சேர்க்கும் பொறுமை வேண்டும்.

என்னிடம் மூன்று போத்தல் பயிற்றை விதை இருக்கிறது. எங்கள் நிலையத்தார் ஒரு தட்டு ஒதுக்கினால் நாளைக்கே கொண்டுவந்து வைப்பேன்.

வாசகர் ஒருவர்,
உரும்பிராய்.